1847இல் உருளைக்கிழங்கு நோய் குறைந்திருந்தும் அயர்லாந்தில் ஏன் அவ்வளவு சாவு?

அந்த வருடக் கிழங்கில் நோய் குறைவுதான். ஆனால் நட்டதே சொற்பம். 1846இல் விளைச்சல் ஏறக்குறைய முழுதாக அழுகியதால், விதைக்கிழங்கையும் தின்றுவிட்டார்கள்.

தானியம் இருந்தது, வாங்கக் காசில்லை. அயர்லாந்தை ஆண்ட பிரிட்டிஷ் அரசு முதலில் கூலிவேலை கொடுத்தது: சாலை போடுவது, கல் உடைப்பது. 1847 மார்ச்சில் 7 லட்சம் பேருக்கு மேல் அதில் இருந்தார்கள்; பட்டினி உடம்பு கல் உடைக்குமா? பிறகு கஞ்சித்தொட்டி மாதிரி சூப் கூடங்கள் வந்தன. ஜூலையில் தினமும் சுமார் 30 லட்சம் பேர் சாப்பிட்டார்கள். உருப்படியாக நடந்த ஒரே உதவி இதுதான் என்பேன். அதையும் இலையுதிர் காலத்துக்குள் மூடிவிட்டு, பாரத்தை உள்ளூர் வரிதாரர்கள் தலையில் கட்டினார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு உதவி கிடையாது என்று சட்டமே போட்டார்கள். நிலத்தை விட்டால் கஞ்சி, விடாவிட்டால் பட்டினி.

இன்னொன்று: பெரும்பாலோரை நேரடியாகக் கொன்றது பசியல்ல, வயிற்றுக்கடுப்பும், பேன் பரப்பிய டைஃபஸ் காய்ச்சலும். கப்பலேறித் தப்பியவர்களையும் நோய் விடவில்லை. கனடாவின் குரோஸ் தீவில் மட்டும் 5,000க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டார்கள்.