நம் பிராண்ட் பெயருக்குச் சீன ஆலையே விண்ணப்பித்தால்?

கேள்வி: கோயம்புத்தூரில் சமையலறைச் சாதனங்கள் விற்கிறோம். குவாங்டோங் மாகாணத்து ஆலை ஒன்றில் எங்கள் பிராண்ட் பெயரிலேயே மிக்ஸி தயாரித்து இறக்குமதி செய்கிறோம். இந்தியாவில் டிரேட்மார்க் பதிவு இருக்கிறது. இப்போது அதே பெயருக்கு அந்த ஆலை சீனாவில் விண்ணப்பித்து, முதற்கட்ட அறிவிப்பும் வெளியாகிவிட்டது. சரக்கைத் தடுப்பார்களா? இங்கே வழக்குத் தொடரலாமா?

பதில்: இங்கே வழக்குத் தொடர்வதால் அந்த விண்ணப்பம் நிற்காது. டிரேட்மார்க் உரிமை நாட்டுக்கு நாடு தனியானது. சீனாவில் முதலில் பயன்படுத்தியவரைவிட முதலில் விண்ணப்பித்தவருக்கே பெரும்பாலும் முன்னுரிமை. ஆப்பிள் நிறுவனமே ‘ஐபேட்’ பெயர் தொடர்பான வழக்கை 2012-இல், சீனாவில் அந்தப் பெயரைப் பதிந்து வைத்திருந்த புரோவியூ நிறுவனத்துக்கு 6 கோடி டாலர் கொடுத்துத்தான் முடித்துக்கொண்டது.

சரக்கைப் பொறுத்தவரை இன்றைக்கு ஆபத்து இல்லை. விண்ணப்பம் பதிவானால் உண்டு. சீனச் சுங்கத்துறை இறக்குமதியை மட்டுமல்ல, ஏற்றுமதியையும் சோதிக்கும். பதிவான டிரேட்மார்க்கை ஒருவர் அத்துறையிடம் குறித்து வைத்திருந்தால், சந்தேகத்துக்குரிய சரக்கு துறைமுகத்துக்கு வரும்போது அவருக்குத் தகவல் போகும். அவர் 3 வேலை நாள்களுக்குள் பிணைத்தொகையுடன் கேட்டுக்கொண்டால் சரக்கு நின்றுவிடும். ‘சீனாவில் ஒன்றைக்கூட விற்கவில்லை, எல்லாமே ஏற்றுமதி’ என்ற வாதத்தை இப்போது நம்ப முடியாது. 2015-இல் மெக்சிகோவுக்கு அனுப்பிய பூட்டுகள் தொடர்பான வழக்கில் சீனாவின் உச்ச மக்கள் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்றது. ஆனால் 2019-இல், மியான்மர் நிறுவனத்துக்காகத் தயாரித்து அனுப்பவிருந்த மோட்டார் சைக்கிள்கள் தொடர்பாக ஹோண்டா தொடர்ந்த வழக்கில், அது உரிமை மீறலே என்று தீர்ப்பளித்துவிட்டது.

ஆகவே முழுக் கவனமும் எதிர்ப்பு மனுவில் இருக்கட்டும். முதற்கட்ட அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் சீனத் தேசிய அறிவுசார் சொத்து நிர்வாகத்திடம் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டவர் அங்குள்ள டிரேட்மார்க் முகவர் நிறுவனம் வழியாகவே செய்ய முடியும். கெடுவைத் தவறவிட்டால், பதிவான பின் 5 ஆண்டுகளுக்குள் செல்லாதெனக் கோர வழியுண்டு. ஆனால் அதுவரை உரிமை ஆலையின் கையில்தான் இருக்கும்.

உங்களுக்கு வலுவான பிடி சீன டிரேட்மார்க் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. ஒப்பந்தமோ வணிகத் தொடர்போ இருந்து, பெயர் உங்களுடையது என்று தெரிந்தே ஒருவர் அதற்கு விண்ணப்பித்தால், நீங்கள் எதிர்க்கும் பட்சத்தில் பதிவு மறுக்கப்பட வேண்டும் என்கிறது அது. ஆனால் தொடர்பும் பயன்பாடும் விண்ணப்பத் தேதிக்கு முந்தையவை என்பதை ஆவணங்களால் காட்டியாக வேண்டும். பிராண்ட் பெயர் அச்சான கொள்முதல் ஆணை, புரோஃபார்மா இன்வாய்ஸ் (சரக்கு அனுப்புமுன் தரும் விலைப்பட்டியல்), அட்டைப்பெட்டி வடிவமைப்பை அனுப்பிய மின்னஞ்சல், பணம் அனுப்பிய வங்கிச் சான்று ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்குங்கள். வீசாட் (சீனச் செய்திச் செயலி) உரையாடலை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் வைத்திருக்காதீர்கள். மூலப் பதிவைக் காட்டச் சொல்வார்கள் என்பதால் அந்தக் கைபேசியையே பத்திரப்படுத்துங்கள். இவை கையில் சேர்ந்து மனு தாக்கலாகும் வரை ஆலைக்கு மிரட்டல் கடிதம் அனுப்புவது புத்திசாலித்தனமல்ல என்பது என் கருத்து; கோபத்தில் எழுதும் ஒரு மின்னஞ்சல் எதிர்த்தரப்பை முன்கூட்டியே உஷார்ப்படுத்திவிடும்.

அதோடு உங்கள் பெயரிலும் உடனே விண்ணப்பியுங்கள். ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பதிவு கோரும் மாட்ரிட் முறை (இந்தியா 2013 முதல் அதில் உறுப்பினர்) மலிவுதான். ஆனால் டிரேட்மார்க் பதிவுக்காகப் பொருள்களைப் பிரித்துள்ள ஒவ்வொரு வகுப்பையும் சீனா உட்பிரிவுகளாகப் பிரித்துப் பார்ப்பதால், அந்த உட்பிரிவுகளுக்கேற்பப் பொருள்களைக் குறிப்பிட நேரடி விண்ணப்பமே பாதுகாப்பானது. மின்சார மிக்ஸி 7-ஆம் வகுப்பு, கையால் இயக்கும் சமையல் சாதனங்கள் 21-ஆம் வகுப்பு, இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘உங்களைப் பாதுகாக்கத்தான் விண்ணப்பித்தோம்’ என்று ஆலை சொல்லக்கூடும். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியென்றால் விண்ணப்பத்தை உங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த மாற்றத்தை அறிவுசார் சொத்து நிர்வாகம் ஏற்கும் வரை எதிர்ப்பு மனுவைத் திரும்பப் பெறாதீர்கள்.