விரையில் வலியில்லாத கட்டி: ஊசி போட்டு நீரை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 28. கும்பகோணத்தில் வசிக்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன்பு குளிக்கும்போது வலது விரையில் பட்டாணி அளவுக்குக் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. வலியோ காய்ச்சலோ இல்லை. தாத்தாவுக்கு ஓதம் இருந்தது. இதுவும் அதுதான், ஊசியால் நீரை எடுத்துவிட்டால் போதும் என்கிறார் நண்பர். தை மாதம் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. இது புற்றுநோயாக இருக்குமா? குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: விரைப்பையில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால், கட்டி விரையை ஒட்டி வெளியே இருக்கிறதா, விரைக்குள்ளேயே இருக்கிறதா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. விரையின் பின்புறம் மேலிருந்து கீழாக ஓடும் மிருதுவான விந்துக்குழாய்ச் சுருளையே கட்டி என்று நினைத்துப் பதறி வருபவர்கள் உண்டு. அந்தச் சுருளில் உண்டாகும் நீர்க்கட்டியும் தீங்கற்றதே; தொந்தரவு தராதவரை அதைத் தொட வேண்டியதில்லை. நிற்கும்போது மண்புழுக்கள் சுருண்டு கிடப்பதுபோல் தட்டுப்பட்டு, படுத்தால் வடிந்துவிடுவது பெரும்பாலும் இடப்பக்கம் வரும் நாளப்புடைப்பு, அதாவது ரத்தக்குழாய் வீக்கம். இருமினால் பெரிதாவது குடலிறக்கமாக இருக்கலாம். கிருமித்தொற்று என்றால் வலியும் வீக்கமும் சேர்ந்தே வரும்.

தாத்தாவுக்கு வந்த ஓதம் விரையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வது. கொசுவால் பரவும் யானைக்கால் நோய்ப் புழுக்கள் காரணமாகக் காவிரிப் படுகையில் இது ஒரு காலத்தில் மிகவும் பரவலாக இருந்தது. அதில் விரைப்பை முழுவதும் பெருத்துவிடும். இருட்டறையில் டார்ச் ஒளியை ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் சிவந்து தெரியும். நீங்கள் எழுதியிருக்கும் பட்டாணி அளவுக் கெட்டி இந்த வருணனைக்குப் பொருந்தவில்லை. ஓதமாகவே இருந்தாலும் ஊசியால் எடுத்த நீர் மீண்டும் ஊறும் என்பதால், பையைத் திருத்தும் சிறு அறுவையே நிலையான தீர்வு.

நண்பரின் யோசனையை நான் அழுத்தமாக மறுப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கருவில் விரை வயிற்றுக்குள் சிறுநீரகத்தின் அருகே உருவாகிக் கீழே இறங்குவதால், அதன் நிணநீர் இன்றும் வயிற்றின் பின்புறத்துக்கே செல்கிறது; விரைப்பைத் தோலின் நிணநீரோ தொடை இடுக்குக்குச் செல்கிறது. கட்டி புற்றாக இருந்து, பையின் வழியே ஊசி நுழைந்தால், புற்றணுக்கள் நிணநீரோடு தொடை இடுக்குக்குப் பரவப் புதிய பாதை ஒன்றைத் திறந்துவிட்டவர்களாவோம். எனவேதான் சந்தேகம் வந்தாலும் வழக்கமாகப் பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எடுப்பதில்லை. தொடை இடுக்கில் கீறி, விரையைத் தாங்கும் விந்துநாணோடு விரையை முழுவதுமாக அகற்றிய பிறகே ஆய்வுக்கு அனுப்புகிறோம்.

விரைக்குள் கெட்டியாக, வலியில்லாமல் தட்டுப்படும் கட்டியை, 15 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்களிடம், புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படும்வரை புற்றுநோயாகவே கருதித்தான் சோதிக்க வேண்டும். சிறுவயதில் விரை இறங்காமல் இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இந்த வாரமே ஒரு யூராலஜிஸ்டிடம் (சிறுநீர்ப்பாதை, ஆண் இனப்பெருக்க உறுப்பு மருத்துவர்) காட்டி, விரைப்பைக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனில் சந்தேகம் எழுந்தால் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். ஆகிய, புற்றின் அடையாளங்களைத் தேடும் ரத்தப் பரிசோதனைகளும், பரவல் பார்க்க சி.டி. ஸ்கேனும் தேவைப்படும். நாட்டு மருந்து, ஒத்தடம் என்று நாட்களைக் கடத்த வேண்டாம். எப்போதாவது திடீரென்று கடும் வலி வந்தால் அது விரை முறுக்கமாக இருக்கக்கூடும். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை நடந்தால் மட்டுமே விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

புற்றுநோயாகவே இருந்தாலும், குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்களில் இது முன்வரிசையில் நிற்கிறது. 1978-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிஸ்பிளாட்டின் என்ற கீமோதெரப்பி மருந்து அந்த நிலைமையை உண்டாக்கியது. ஆரம்ப நிலையில் பலருக்கு அறுவைக்குப் பிறகு தொடர் கண்காணிப்பே போதுமானது. மார்புக்குள் வந்த, இதே உயிரணுக் குடும்பத்தைச் சேர்ந்த கட்டிக்குச் சிகிச்சை பெற்ற கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங் 2012 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் மீண்டும் மட்டையைப் பிடித்தார்.

மற்றொரு விரை நலமாக இருந்தால் ஆண்மைச் சுரப்பும் குழந்தைப்பேறும் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. ஆனாலும் அறுவைக்கும் கீமோதெரப்பிக்கும் முன்பாக விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றி மருத்துவரிடம் நீங்களாகவே கேளுங்கள். அந்தப் பேச்சை அவர் மறந்தாலும் நீங்கள் மறக்கக் கூடாது. கட்டி சாதாரணமானதென்று ஸ்கேன் சொல்லிவிட்டால் திருமணத் தேதியை மாற்ற வேண்டியதே இல்லை. வேறு முடிவு வந்தால், மணப்பெண்ணிடம் நீங்களே நேரில் சொல்லிவிட்டுப் பிறகு தேதியைப் பேசிக்கொள்ளுங்கள்.