சான் ட்ரோப்பே: பணக்காரர்களுக்கு மட்டுமா?

கேள்வி: ஜூன் மாதத்தில் பிரான்சின் நீஸ் நகரில் ஒரு வாரம் தங்கப் போகிறோம். ஒரு நாள் சான் ட்ரோப்பே என்னும் கடலோர ஊருக்குப் போய்வர என் கணவருக்கு மிகுந்த ஆசை. ஆனால், சொகுசுப் படகு வைத்திருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அங்கே வேலையில்லை என்றும், மணலில் உட்காரவே பணம் கேட்பார்கள் என்றும் நண்பர் ஒருவர் சொல்கிறார். நடுத்தர வசதியுள்ள நாங்கள் போகலாமா?
– ஒரு வாசகி

பதில்: தயங்காமல் போய்வாருங்கள். பிரான்சில் கடற்கரை பொதுச் சொத்து. அங்கே எவரும் கட்டணமின்றி நடமாடலாம் என்பதை 1986-ஆம் ஆண்டின் கடலோரச் சட்டம் உறுதிசெய்கிறது. புகழ்பெற்ற பாம்ப்லோன் கடற்கரை பக்கத்து ஊரான ரமத்துயேலின் எல்லைக்குள் இருக்கிறது. அங்குள்ள உணவகங்கள் மெத்தைக்கும் குடைக்கும் பெருந்தொகை வாங்குவது உண்மைதான் என்றாலும், அவற்றுக்கு இடையே துண்டு விரித்து உட்கார ஏராளமான மணல் இருக்கிறது; அதற்கு ஒரு யூரோகூடத் தரவேண்டியதில்லை.

செலவைவிடப் பயணத்தைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும். அவ்வூரில் ரயில் நிலையம் கிடையாது. கோடையில் சாலைவழியே போனால் நெரிசலிலேயே பாதி நாள் கழிந்துவிடும். ஆகவே நீஸிலிருந்து ரயிலில் சான் ரஃபேல் வரை சென்று, அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரம் படகில் போவதே நல்லது. கடைசிப் படகு திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

படகிலிருந்து இறங்கியதும் சொகுசுப் படகுகளை வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் நின்றுவிடாமல், துறைமுகத்தின் ஓரத்திலேயே இருக்கும் அன்னோன்சியாத் அருங்காட்சியகத்துக்குள் நுழையுங்கள். நான் அவ்வூரை விரும்புவதற்கு அதுதான் முதற்காரணம். ஓவியர் போல் சிஞ்ஞாக் 1892-இல் தம் பாய்மரப் படகில் இங்கே வந்தபோது இது ஒரு மீன்பிடி ஊர். அவர் இங்கேயே வீடு வாங்கி, நண்பர்களையும் வரவழைத்தார். 1904-ஆம் ஆண்டின் கோடையை ஓவியர் மத்தீஸ் இங்கே கழித்தார். வண்ணங்களைக் கலக்காமல் தனித்தனிப் புள்ளிகளாக வைத்து, பார்ப்பவரின் கண்ணே அவற்றை ஒன்றுசேர்க்கும்படி சிஞ்ஞாக் தீட்டிய படங்களை, இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அந்த 16-ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயத்துக்குள் பார்த்துவிட்டு வெளியே வந்தால், அதே துறைமுக நீர் உங்கள் எதிரே மின்னிக்கொண்டிருக்கும். அப்போது கண் பழகிவிட்டிருப்பதால் நீரில் இளஞ்சிவப்பும் ஊதாவும் தென்படும். அந்த அனுபவத்துக்காகவே ஒரு நாளைச் செலவிடலாம். துறைமுகத்தை ஒட்டிய வீடுகள் பழமையானவை போலத் தோன்றினாலும், 1944 ஆகஸ்டில் ஜெர்மானியர் வெடிவைத்துத் தகர்த்த துறைமுகப் பகுதியைப் போருக்குப்பின் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டினார்கள். ஊர்மக்களின் அந்தப் பிடிவாதத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

அங்கே நிற்கும் வெண்கலச் சிலை சுஃப்ரன் என்னும் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதியுடையது. 1782, 1783-ஆம் ஆண்டுகளில் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், கடலூர் கடற்பகுதிகளில் ஆங்கிலேயரோடு போரிட்டவர் அவர். தமிழர்கள் ஒரு நிமிடமாவது நின்று பார்க்க வேண்டிய சிலை.

பிறகு கோட்டை வழியாக, கடலைப் பார்த்தபடி இருக்கும் கல்லறைத் தோட்டத்தைக் கடந்து, கரையோரப் பாதையில் நடந்து பாருங்கள். பாம்ப்லோன் வரை ஏறத்தாழ 12 கி.மீ. இருக்கிறது. ஒரே நாளில் போய்த் திரும்பும் நீங்கள் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்த வழியே திரும்பினால் போதும்.

சாப்பாட்டுக்கு உட்தெருக்களுக்குச் செல்லுங்கள். உணவோடு குழாய்த்தண்ணீர் கேட்டால் இலவசமாகவே தருவார்கள். சேவைக் கட்டணமும் விலையிலேயே அடங்கியிருக்கும். இரண்டாகப் பிளந்த இனிப்பு ரொட்டிக்குள் க்ரீம் நிரப்பிய ‘தார்த் ட்ரோப்பேசியன்’ இந்த ஊரின் பண்டம். ஒன்று வாங்கி இருவரும் பகிர்ந்துகொள்ளலாம்.

கேள்வி: அங்கே போக எந்த மாதம் சிறந்தது?
– மற்றொரு வாசகர்

பதில்: ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம்; மே அல்லது ஜூனில் போங்கள். ஊரின் காவல் புனிதரான டோர்ப்பேயின் நினைவாக மே 16 முதல் 18 வரை நடக்கும் ‘பிரவாத்’ விழாவில், ஊர்மக்கள் பழங்காலப் படை உடையணிந்து, குண்டில்லாத் துப்பாக்கிகளை முழங்கியபடி தெருத்தெருவாக வருவார்கள். முற்காலத்தில் இவ்வூர் தன் சொந்தப் படையாலேயே தன்னைக் காத்துக்கொண்டதன் நினைவு அது. 1637-இல் ஸ்பானியக் கப்பல்களை விரட்டியதைக் கொண்டாடும் சிறிய பிரவாத் ஜூன் 15 அன்று நடக்கும். முதல் கேள்வி கேட்ட வாசகியும் முடிந்தால் அந்த நாளையே தேர்ந்தெடுக்கட்டும்.