சக்கரம் எங்கே தரையைத் தொட்டது?

கேள்வி (காரைக்குடி வாசகர்): மழையில் இறங்கிய விமானம் ஓடுதளத்தைத் தாண்டி விழுந்ததாகச் செய்தி வந்த ராத்திரி, எங்கள் வளவில் கூடியிருந்த எட்டுப் பேரில் ஏழு பேர் ‘பிரேக் பிடிக்கலை’ என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். சரிதானா?

பதில்: எட்டாவது ஆள் என்ன சொன்னார் என்று எழுதவில்லையே! பிரேக்கைப் பற்றிப் பேசுமுன் கேட்க வேண்டியது, சக்கரம் எங்கே தரையைத் தொட்டது என்பதுதான். வழக்கமாக ஓடுதளத்தின் முனையிலிருந்து ஆயிரம் அடி தள்ளிய இடத்தைக் குறிவைத்து இறங்குவார்கள். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் ஓடுதளத்தைத் தாண்டி விழுந்த துபாய் விமானம் தொட்டது 4,438 அடியில். ஓடுதளத்தின் மொத்த நீளமே 8,858 அடி. பாதி ஓடுதளம் விமானத்துக்குக் கீழே வீணாகப் போய்விட்டது.

அதோடு பின்காற்று. 140 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வேகத்தில் தொட வேண்டிய விமானம் 10 நாட் பின்காற்றில் தரையை 150 நாட்டில் தொடும். நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், அது 15 சதவீதம் அதிகமாகிவிடும். அடுத்தது தேங்கிய தண்ணீர். டயர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு என்றால், அதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்குங்கள். சுமார் 127 நாட் வரும். அதற்கு மேல் டயர் தண்ணீர்ப் படலத்தின் மேல் வழுக்கிக்கொண்டே போகலாம். எவ்வளவு நல்ல பிரேக் இருந்தும் பயனில்லை. அதனால்தான் மழையில் கொஞ்சம் அழுத்தித் தொட வேண்டும், இறக்கைமேல் உள்ள ஸ்பாய்லர் தகடுகள் உடனே எழுந்து எடையைச் சக்கரத்தில் இறக்க வேண்டும். பூப்போல இறக்கினால் பயணிகள் கைதட்டுவார்கள். ஈர ஓடுதளத்துக்கு அது ஆகாது.

கோழிக்கோட்டில் முதல்முறை எதிர்த்திசையிலிருந்து இறங்க வந்தபோது கேப்டன் பக்கத்து வைப்பர் நின்றுபோனது உண்மை. ஆனால் விசாரணை அறிக்கை முதலில் சொன்னது, வேகமும் இறங்கும் வீதமும் சரியாக அமையாத இறக்கத்தைக் கைவிடாமல் தொடர்ந்ததை. 190 பேரில் 21 பேர் உயிரிழந்தார்கள்.

கேள்வி (தேவகோட்டை வாசகர்): 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியில் கிளம்பிய ஷார்ஜா விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்ததே! எரிபொருளைக் கொட்டிவிட்டு உடனே இறங்கியிருக்கக் கூடாதா? ‘வயிற்றால் இறக்கப்போகிறார்கள்’ என்று வீட்டில் ஒரே அழுகை.

பதில்: போயிங் 737-ல் எரிபொருளைக் கொட்டும் வசதியே கிடையாது. எரித்துத்தான் தீர்க்க முடியும். 737-800 வகை அதிகபட்சம் 79 டன்னோடு கிளம்பலாம்; இறங்கும்போது 66 டன்தான் வரம்பு. மணிக்குச் சுமார் இரண்டரை டன் எரியும். வட்டமடித்ததற்குக் கணக்கு இதுதான்.

வயிற்றால் இறங்குவது கடைசி வழி. ஹைட்ராலிக் அழுத்தம் போனாலும், விமானி அறைத் தரையில் ஒரு மூடிக்குக் கீழே உள்ள மூன்று கைப்பிடிகளை இழுத்தால் பூட்டு விடுபட்டு, சக்கரங்கள் தம் எடையாலேயே கீழே இறங்கிப் பூட்டிக்கொள்ளும். மெதுவாக இறங்க உதவும் ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு) இறக்க மின்மோட்டார் தனியாக உண்டு. அன்று 141 பேரும் பத்திரமாகத் திருச்சியிலேயே சக்கரத்தால்தான் இறங்கினார்கள்.

கேள்வி (கொத்தமங்கலம் வாசகி): பேரன் வந்த விமானம் தரை தெரிகிற நேரத்தில் மறுபடி மேலே தூக்கிப் போய்விட்டதாம். விமானிக்கு அனுபவம் போதாதோ?

பதில்: போதும் ஆச்சி, நிறையவே இருக்கிறது. மேகம் இருந்தால் 1,000 அடியிலும், தெளிவாக இருந்தால் 500 அடியிலும் வேகம், இறங்கும் வீதம், ஃபிளாப், சக்கரம் எல்லாம் சரியாக அமைந்திருக்க வேண்டும். அமையாவிட்டால் மேலே போய்விட வேண்டும். அதற்கு ‘கோ-அரவுண்ட்’ என்று பெயர்.

2010 மே 22 அன்று மங்களூரில் துணை விமானி மூன்று முறை அதைச் சொல்லியும் கேப்டன் இறக்கினார். பயணத்தில் வெகுநேரம் அவர் தூங்கியிருந்தார். குறட்டை ஒலிப்பதிவில் இருந்தது. 8,033 அடி ஓடுதளத்தில் 5,200 அடி தாண்டித்தான் விமானம் தொட்டது. ரிவர்சர் (எஞ்சின் உந்துதலை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) போட்ட பிறகு கேப்டன் மறுபடி எழும்பப் பார்த்தார். ரிவர்சர் போட்டால் நிற்பது ஒன்றுதான் வழி, பறப்பது கிடையாது. 166 பேரில் பிழைத்தவர்கள் எட்டுப் பேர். ‘மேட்டு ஓடுதளம்தான் (முனையில் பள்ளம் உள்ள, குன்றின்மேல் அமைந்த ஓடுதளம்) காரணம்’ என்று ஊரெல்லாம் பேசினார்கள். மேடு இழப்பைக் கூட்டியது. விமானத்தை அவ்வளவு தள்ளித் தொடவைத்தது அது அல்ல.

கேள்வி (கானாடுகாத்தான் வாசகர்): இப்போதுதான் எல்லாவற்றுக்கும் வீடியோ இருக்கிறதே, பார்த்தே சொல்லிவிடலாமே?

பதில்: பாதி சொல்லலாம். 2025 பிப்ரவரி 17 அன்று டொராண்டோவில் விமானம் தலைகீழாகப் புரண்டது; 80 பேரும் உயிர் தப்பினார்கள். தொடுமுன் மூக்கைச் சரியாகத் தூக்கவில்லை என்பது வீடியோவிலேயே தெரிந்தது. ஆனால் நிமிடத்துக்கு 1,100 அடிக்கு மேல் இறங்கியது, வலது சக்கரக் காலின் பக்கத் தாங்கி முறிந்தது ஆகிய இரண்டையும் பதிவுக் கருவியும் உடைந்த பாகமும்தான் காட்டின.

2008-ல் லண்டன் ஹீத்ரோவில் இறங்கவிருந்த போயிங் 777 ஓடுதளத்துக்கு முன்பே தரையில் விழுந்தது. எரிபொருள் தீர்ந்தது என்றார்கள். பிரதமரின் கார் வரிசையில் இருந்த மின்காந்தக் கருவி என்றுகூடச் சொன்னார்கள். உண்மையில் எரிபொருளில் இருந்த துளி நீர் உறைந்து, பனித்துகளாகத் திரண்டு, எஞ்சின் எண்ணெயின் சூட்டால் எரிபொருளைச் சூடாக்கும் வெப்பமாற்றியின் வாயை அடைத்திருந்தது. விழுந்த சிறிது நேரத்தில் அது உருகிவிட்டது. ஆய்வகத்தில் அதே குளிரில் எரிபொருளை ஓடவிட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். இறுதி அறிக்கை வர இரண்டு ஆண்டுகள்.

கேள்வி (திருப்பத்தூர் வாசகர்): கறுப்புப் பெட்டி கறுப்பா?

பதில்: ஆரஞ்சு. தேடிக் கண்டுபிடிக்க வேண்டாமா? பறப்புப் பதிவு 25 மணி நேரம் நிற்கும். பேச்சுப் பதிவு பெரும்பாலான விமானங்களில் கடைசி இரண்டு மணி நேரம். சர்வதேச விதிப்படி 30 நாளில் முதற்கட்ட அறிக்கை வர வேண்டும். வந்தால் தொட்ட இடம், தொட்ட வேகம், காற்றின் திசை, ஃபிளாப் நிலை என்ற நான்கையும் முதலில் பாருங்கள்.