டோக்கியோ ஆபீஸில் கத்திவிட்டேன், இனி என்ன செய்ய?

கேள்வி: டோக்கியோவில் ஐடி வேலை பார்க்கிறேன். டெலிவரி தேதியை மூன்றாவது முறையாகத் தள்ளிப்போட்ட ஜப்பானிய சக ஊழியரிடம் போன வாரம் மீட்டிங்கில் குரலை உயர்த்தி, மேஜையையும் தட்டிவிட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. முன்னைவிட மரியாதையாகவே பேசுகிறார்கள். விஷயம் முடிந்ததென்று விட்டுவிடலாமா?

பதில்: முடியவில்லை. அந்தக் கூடுதல் மரியாதைதான் அவர்களுடைய கோபம். ஜப்பானிய மொழியில், நெருங்கிப் பழகியவரிடம் பேச்சு சுருங்கும். தள்ளிவைக்க நினைப்பவரிடம் 'கெய்கோ' எனும் மரியாதை நடை நீளும். சாட்டில் ஒற்றை வரியில் பதில் போட்டவர், வெளி நிறுவனத்துக்கு எழுதுவதுபோல் 'ஒசெவா நி நாத்தே ஒரிமாஸ்' என்று தொடங்கி, மேலாளரையும் சிசியில் சேர்த்து மெயில் அனுப்புகிறாரா? அப்படியென்றால் கதவைச் சாத்திவிட்டார்.

ஜப்பானியருக்குக் கோபமே வராது என்பதெல்லாம் சும்மா. கடை ஊழியரிடம் வாடிக்கையாளர் கத்துவது பெரிய தலைவலியாகி, அதைத் தடுக்கவே 2025 ஏப்ரலில் டோக்கியோவில் தனி விதி அமலுக்கு வந்தது. ஆனால் ஒரே அறையில் தினமும் உட்கார வேண்டியவர்களிடையே குரலை உயர்த்தியவர் தோற்றவர். நியாயம் யார் பக்கம் என்பது அப்புறம்தான். 'கென்கா ர்யோசெய்பாய்' என்று பழைய விதி ஒன்று உண்டு: சண்டை போட்டால் காரணம் கேட்காமல் இருவருக்கும் தண்டனை. 1526-இல் இமகவா என்ற போர்ப்பிரபு குலத்தின் சட்டத்திலேயே அது இருக்கிறது.

ஒரு வாரம் போனதே தாமதம். நாளை காலை அவரிடம் 5 நிமிடம் கேட்டு, காலியான மீட்டிங் அறைக்கு அழையுங்கள். எல்லார் முன்னாலும் அவர் மேஜையருகே நின்று மன்னிப்புக் கேட்டால் அவருக்குத்தான் கூச்சம். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: 'சென்ஜித்சு வா கன்ஜோதெகி நி நாத்தே ஷிமாய், மோஷிவாகே அரிமாசென் தெஷிதா.' அன்று உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன், மன்னியுங்கள் என்று பொருள். சொல்லி முடித்த பிறகு குனியுங்கள். 45 டிகிரி, இரண்டு மூன்று விநாடி. பேசிக்கொண்டே குனிவது அரைகுறையாகத் தெரியும்.

பெரும்பாலோர் சொதப்புவது இதற்கு அடுத்த நொடியில். 'ஆனால் தேதி மூன்று முறை...' என்று ஆரம்பித்தால் கேட்ட மன்னிப்பு 'ஈவாகே', அதாவது சாக்குப்போக்கு ஆகிவிடும். தேதியைப் பற்றி அன்று வாய் திறக்காதீர்கள். அவர் 'இயே இயே, பரவாயில்லை' என்பார். அது மரியாதைக்கு, சாட்டில் பழைய ஒற்றை வரி திரும்பும்வரை பொறுங்கள். இனிப்புப் பெட்டி வேண்டாம். வாடிக்கையாளரிடம் என்றால் அவசியம்தான். சக ஊழியருக்குக் கொடுத்தால் பதிலுக்கு என்ன கொடுப்பதென்ற சுமை அவர் தலையில் விழும்.

அன்றே மேலாளரிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள். பணியிடத் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டக் கடமை பெரிய நிறுவனங்களுக்கு 2020 ஜூனிலும் சிறியவற்றுக்கு 2022 ஏப்ரலிலும் வந்தது. பிறர் முன்னிலையில் உரத்த குரலில் மிரட்டித் திட்டுவதைத் திரும்பத் திரும்பச் செய்வதை அரசின் வழிகாட்டுதல் உதாரணமாகவே காட்டுகிறது. ஒரு தடவை கத்தியது அதற்குள் எளிதில் வராது. ஆனாலும் மேலாளர் இதை வேறொருவர் வாயால் கேட்கக் கூடாது. கை மட்டும் நீளவே கூடாது: சட்டைக் காலரைப் பிடிப்பதே தாக்குதல் குற்றம், 2 ஆண்டு வரை சிறையோ 3 லட்சம் யென் வரை அபராதமோ விதிக்கலாம். குற்றப்பத்திரிகைக்கு முன்பே 23 நாள் வரை காவலில் வைக்க முடியும்.

இனி தேதி. அவர் முதல் மீட்டிங்கிலேயே பல்லிடுக்கில் மூச்சை 'ஸ்ஸ்' என்று இழுத்து, 'முசுகாஷீ தெஸ் நெ' என்றிருப்பார். 'கஷ்டம்தான்' என்று கேட்டிருப்பீர்கள். அவர் சொன்னது 'முடியாது'. அடுத்த மீட்டிங்குக்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்து, எந்தத் தேதி உண்மையில் முடியும் என்று கேட்டுவிடுங்கள். இதற்குப் பெயர் 'நெமாவாஷி'. மீட்டிங் என்பது அப்படி முடிவானதை உறுதிசெய்ய மட்டும். அங்கேயும் சூடு ஏறினால் 'இச்சிதோ மொச்சிகாஏரிமாஸ்', எடுத்துப்போய் யோசிக்கிறேன், என்று சொல்லி லேப்டாப்பை மூடிவிடுங்கள்.