கிழிந்த வினைல் தரை: ஒட்டுப்போடுவதா, மாற்றுவதா?

கேள்வி: ஃபிரிட்ஜை இழுத்தபோது சமையலறை வினைல் தரை உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்துவிட்டது. ஒரே விரிப்பாகப் போட்ட தரை. முழுவதையும் மாற்றினால்தான் சரியாகும் என்கிறார் தரை போடுபவர். அப்படித்தானா?

பதில்: அவசியமில்லை. கிழிசல் மேலிருந்து வந்தது. அடித்தளம் காய்ந்து கெட்டியாக இருக்கிறதென்றால் அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டிவிடலாம். வேண்டியது, அதே வினைலில் ஒரு துண்டு. தரை போட்டபோது மிஞ்சியது பரணில் கிடக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஃபிரிட்ஜுக்கு அடியிலோ அலமாரிக்கு உள்ளேயோ கண்ணில் படாத இடத்திலிருந்து வெட்டி எடுங்கள். அங்கே எந்த வினைலை வைத்து அடைத்தாலும் யாரும் பார்க்கப்போவதில்லை. கடையில் அதே டிசைன் கிடைத்தாலும், பல வருடம் வெளிச்சம் பட்டு நிறம் மாறிய தரையோடு புதுத் துண்டு நிறம் பொருந்தாமல் தனித்துத் தெரியும்.

துண்டு, கிழிசலைவிட நான்கு பக்கமும் 5 செ.மீ. பெரிதாக இருக்கட்டும். அதைக் கிழிசல் மேல் வைத்து, டிசைன் கோட்டோடு கோடு சேரும்படி நகர்த்தி, மாஸ்கிங் டேப்பால் அசையாமல் ஒட்டுங்கள். எஃகு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புது பிளேடு போட்ட கட்டரால் இரண்டு அடுக்கையும் சேர்த்தே அறுக்க வேண்டும். இதுதான் முக்கியம்: சேர்த்து அறுத்தால்தான் துண்டும் குழியும் அச்சாகப் பொருந்தும். தனித்தனியாக அளந்து வெட்டினால் மயிரிழை இடைவெளி நிச்சயம், அதில் நாளைக்கே அழுக்கு சேரும். டைல்ஸ் டிசைனாக இருந்தால் இணைப்புக் கோட்டின் மேலேயே வெட்டுங்கள், ஒட்டு கண்ணுக்குத் தெரியாது. கத்தி செங்குத்தாக நிற்கட்டும். ஒரே இழுப்பில் அறுக்கப் பார்க்காமல் அதே கோட்டில் இரண்டு மூன்று முறை போங்கள்.

பழைய துண்டை நீக்கியபின் அடியில் காய்ந்த பசையைப் புட்டி கத்தியால் சுரண்ட வேண்டும். விட்டால் மேலே மேடு தெரியும். (தரை 1980களுக்கு முந்தையதென்றால் கத்தியை எடுக்கும் முன் கடைசிப் பதிலைப் படித்துவிடுங்கள்.) வினைல் தரைக்கென்று விற்கும் பசையை மெல்லியதாகப் பரப்பி, துண்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் தள்ளுங்கள். பிதுங்கும் பசையை உடனே துடையுங்கள். இணைப்பு நெடுகிலும் வினைல் சீம் சீலர் (இணைப்பை அடைக்கும் திரவம்) ஓட்டி, அது காய்ந்ததும் பிளாஸ்டிக் தாள் போட்டு அதன் மேல் கனமான பொருளை ஒரு நாள் வைத்துவிடுங்கள். அதுவரை அங்கே தண்ணீர் படக் கூடாது. அடுத்த முறை ஃபிரிட்ஜை நகர்த்தும்போது அடியில் பிளைவுட் பலகை போட்டு அதன் மேல் தள்ளுங்கள்.

கேள்வி: சிங்க் பக்கத்தில் வினைல் உப்பி, கறுத்து, மிதித்தால் அமுங்குகிறது. ஊசி வழியே பசை செலுத்தினால் சரியாகுமா?

பதில்: அது காற்றுக் கொப்புளத்துக்கான வைத்தியம். உங்களுடையது ஈரம். பசை போட்டால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்ததாகும். முதலில் சிங்குக்கு அடியில் குழாய் இணைப்புகளையும் கழிவுக் குழாயையும் டார்ச் அடித்துப் பாருங்கள், கசிவை நிறுத்துங்கள். பிறகு வினைலைத் தூக்கி அடித்தளத்தைப் பாருங்கள். பலகையாக இருந்து ஸ்க்ரூடிரைவர் முனை சுலபமாக இறங்கினால் அந்தப் பலகை போயிற்று, வெட்டி மாற்றத்தான் வேண்டும். கான்கிரீட் என்றால், 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டிக் குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். உட்புறம் நீர்த்துளி கட்டினாலோ கான்கிரீட் நிறம் கறுத்தாலோ ஈரம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. புதிதாக எதையும் ஒட்டாதீர்கள்.

வெறும் காற்றுக் கொப்புளம் என்றால், டிசைன் கோட்டில் சிறிதாகக் கீறி, சிரிஞ்சால் பசை விட்டு, உருட்டி, பாரம் வைத்தால் முடிந்தது. வினைல் விறைப்பாக இருந்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள். அதிகம் காட்டினால் சுருங்கிவிடும்.

கேள்வி: ரப்பர் மிதியடி கிடந்த இடத்தில் மஞ்சள் கறை. எதைப் போட்டும் போகவில்லை.

பதில்: போகாது. ரப்பரில் உள்ள ரசாயனம் வினைலுக்குள் இறங்கி நிறம் மாற்றுவதால் வரும் கறை அது. தேய்த்தால் பாதுகாப்பு அடுக்குதான் தேயும். அந்த இடத்தை மாற்றுங்கள், அல்லது வினைலுக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட, ரப்பர் அடிப்பாகம் இல்லாத விரிப்பால் மூடுங்கள்.

கேள்வி: கிளிக் முறையில் (ஒன்றின் விளிம்பை மற்றதோடு பூட்டி) போட்ட வினைல் பலகைகள் ஆறு மாதத்தில் நடுவில் எழும்பிவிட்டன. "போட்டவர் தவறு" என்கிறது கடை. "சரக்கு மட்டம்" என்கிறார் போட்டவர். யாரைக் கேட்பது?

பதில்: தரையையே கேளுங்கள். சுவரோரம் ஸ்கர்டிங்கை (சுவரின் அடியில் ஓடும் பட்டையை) கழற்றி, பலகைக்கும் சுவருக்கும் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான தயாரிப்புகள் 6 முதல் 10 மி.மீ. கேட்கும். இடைவெளியே இல்லாமல் முட்டிக்கொண்டிருந்தால், சூட்டில் விரிந்த பலகைக்குப் போக இடமில்லாமல் நடுவில் எழும்பியிருக்கிறது: போட்டவர் பொறுப்பு. பொருத்தப்பட்ட அலமாரியைப் பலகையின் மேலேயே நிறுத்தியிருந்தாலும் அதே கதை. இரண்டும் சரி, தரை மட்டமும் சரி, ஆனாலும் பூட்டு விளிம்பு உடைகிறது என்றால் சரக்கின் மேல் சந்தேகப்படலாம்.

எதையும் பிரிக்கும் முன் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். பெட்டியில் அச்சிட்ட பேட்ச் எண், ரசீது, மிஞ்சிய பலகை ஒன்று, பெட்டிக்குள் வந்த பொருத்தும் குறிப்பு ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும். கடைக்கும் போட்டவருக்கும் ஒரே கடிதத்தை எழுத்தில் அனுப்புங்கள்; ஒருவரிடம் சொன்னதை மற்றவர் மாற்றிப் பேச முடியாது. உத்தரவாதத்தில் பெரிதாக அச்சிட்ட வருடக் கணக்கு பெரும்பாலும் மேல் அடுக்கு தேய்வதற்கு மட்டுமே. அடியிலிருந்து வரும் ஈரம், தவறான பொருத்தம், போடும் முன்பே கண்ணுக்குத் தெரிந்த குறை இவற்றைப் பல நிறுவனங்கள் சிறிய எழுத்தில் விலக்கிவிடும். ஆகவே குறையுள்ள பலகையைப் போடுவதற்கு முன்பே தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வாங்கும்போது ஒரே பேட்சில் 10 சதவீதம் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் ஒட்டுப்போட அதுதான் கைகொடுக்கும்.

கேள்வி: பழைய வினைல் மேலேயே புதியதைப் போடலாமா?

பதில்: பழையது ஒரே அடுக்காக, எங்கும் பெயராமல், மட்டமாக இருந்தால் போடலாம். மெத்தென்ற வினைல் என்றால் வேண்டாம், மேலே வருவது அசைந்து, இணைப்புகள் விட்டுப்போகும். 1980களுக்கு முன் தயாரான பல வினைல் ஓடுகளிலும், விரிப்புகளின் அடிப்பாகத்திலும், கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் (தூசியாகி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்) உண்டு. அந்தக் காலத்துத் தரையானால் தேய்க்கவோ சுரண்டவோ உடைக்கவோ கூடாது. ஆய்வகத்தில் பரிசோதிக்கும்வரை கலைக்காமல் விடுங்கள். அப்படிப்பட்ட தரை நல்ல நிலையில் இருந்தால், பெயர்த்தெடுப்பதைவிட மேலே மூடிவிடுவதே பாதுகாப்பு.