கணினிப் பெட்டியில் ஏன் காலாவதித் தேதி இல்லை?

கேள்வி: 2025 டிசம்பரில் 18,000 ரூபாய்க்குப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். ஏழாம் தலைமுறைச் செயலி, விண்டோஸ் 10. ஆதரவு முடிந்துவிட்டதாகத் திரை சொல்கிறது. 11க்கு மாற்றப் பார்த்தால் இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை என்கிறது. கடைக்காரரோ, “நன்றாகத்தானே ஓடுகிறது” என்று அனுப்பிவிட்டார். (திருப்பூர் வாசகர்)

பதில்: நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11 வெளிவந்த 2021இலேயே, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். பழைய கணினி விற்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

இந்த விஷயத்தில் எனக்குப் பல ஆண்டுகளாகத் தீராத கோபம் உண்டு. ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்திலும் காய்ச்சல் மாத்திரை அட்டையிலும் எந்த நாள்வரை பயன்படுத்தலாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் கணினியின் பெட்டியிலோ, உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்கு எதுவரை பாதுகாப்பு உண்டு என்று ஒரு வரிகூட இல்லை. அந்தத் தேதி ரகசியமும் அல்ல. தயாரிப்பாளரின் இணையதளத்தில் பல ஆண்டுகளுக்கு முன்பே அது இருக்கிறது. கடையில்தான் யாரும் வாய் திறப்பதில்லை. நான் ஒருமுறை ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கிய ஸ்கேனர், கணினியை 64 பிட் விண்டோஸ் 7க்கு மாற்றிய நாளோடு நின்றுபோனது. 32 பிட் விண்டோஸுக்கு மட்டுமே டிரைவர் (கருவியைக் கணினியோடு இணைத்து இயக்கும் மென்பொருள்) எழுதியிருந்த நிறுவனம், புதிய ஸ்கேனரை வாங்கிக்கொள்ளச் சொன்னது. கண்ணாடி, விளக்கு, மோட்டார் எதிலும் பழுதில்லாத அந்தக் கருவியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டில் பயன்படுத்துவோருக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தரும் நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தில் சேரலாம், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உங்கள் அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் கிடையாது. அதன்பிறகு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை நிறுவிக்கொண்டால், அந்தக் கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். ஆனால் கடைக்காரரை அப்படியே விட்டுவிடாதீர்கள். பொருளின் தரத்தைப் பற்றி அறிந்துகொள்வது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் உரிமை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு, உங்கள் தொகைக்கு மனுக் கட்டணமும் இல்லை.

கேள்வி: 499 ரூபாய்க்கு ‘வாழ்நாள் உரிமம்’ என்று ஆபிஸ் மென்பொருளின் சாவி ஒன்றை வாங்கினேன். நான்கே மாதத்தில் செல்லாது என்கிறது. பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை. (சேலம் வாசகர்)

பதில்: பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள பொருள் 499 ரூபாய்க்கு எப்படிக் கிடைக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். நிறுவனங்களுக்கும் கல்லூரிகளுக்கும் மொத்தமாகத் தரப்படும் உரிமங்களின் சாவிகளே பெரும்பாலும் இப்படித் துண்டு துண்டாக விற்கப்படுகின்றன, கண்டுபிடித்ததும் முடக்கிவிடுவார்கள். பில்லும் இல்லாமல் நான் உங்களை எங்கே அனுப்புவது? கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆபிஸ் போதும். அதற்கு ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

கேள்வி: புதிய மடிக்கணினியில் என் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுவ முடியவில்லை, ஸ்டோரிலிருந்து மட்டுமே நிறுவலாம் என்கிறது. சரிசெய்யக் கடையில் 1,500 ரூபாய் கேட்கிறார்கள். (தஞ்சாவூர் வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் கணினி ‘எஸ் மோட்’ நிலையில் இருக்கிறது. அதிலிருந்து வெளியேறுவது முற்றிலும் இலவசம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்திலேயே வழி இருக்கிறது. வெளியேறிய பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியாது, ஆனால் அதில் உங்களுக்கு இழப்பும் இல்லை. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

கேள்வி: மதர்போர்டு மாற்றிய பிறகு என் மடிக்கணினி 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கிறது. மறைந்த என் கணவரின் படங்கள் அதில்தான் இருக்கின்றன. (மதுரை வாசகி)

பதில்: அம்மா, படங்கள் அழிந்துவிடவில்லை, பூட்டப்பட்டிருக்கின்றன. பல புதிய கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதன்முதலாக உள்நுழையும்போதே வட்டு தானாகப் பூட்டிக்கொள்கிறது. அதைத் திறக்கும் மீட்புச் சாவி அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படுகிறது. வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ அந்தக் கணக்கைத் திறந்து, ‘சாதனங்கள்’ பகுதியில் தேடுங்கள். உங்களுக்குக் கணக்கு இருந்ததாக நினைவில்லை என்றால், வாங்கிய அன்று கணினியை அமைத்துக் கொடுத்த கடைப் பையனிடம் எந்த மின்னஞ்சலைப் பயன்படுத்தினார் என்று கேளுங்கள். உங்கள் கணவரின் மின்னஞ்சலையும் பாருங்கள். அதுவரை வட்டை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவ யாருக்கும் அனுமதி தராதீர்கள். பழுதுபார்க்கும் முன்பே அந்த எண்ணை எடுத்து வைக்கச் சொல்லாத சர்வீஸ் சென்டரின் அலட்சியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேள்வி: கணினியோடு வந்த வைரஸ் தடுப்பு மென்பொருளின் ஓராண்டு முடிந்துவிட்டது. புதுப்பிக்க வேண்டுமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: வேண்டாம். விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்னும் வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கிறது.

கேள்வி: திரை முழுக்க எச்சரிக்கை வந்து, ஓர் எண்ணை அழைக்கச் சொன்னது. அழைத்தேன். கணினியைத் தொலைவிலிருந்தே இயக்கி, 15,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. (கும்பகோணம் வாசகர்)

பதில்: கூச்சப்பட வேண்டியவர்கள் அவர்கள், நீங்கள் அல்ல ஐயா. இதைப் படித்ததும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். கணினியின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அவர்கள் நிறுவச் சொன்ன மென்பொருளைத் தெரிந்த ஒருவரை வைத்து நீக்குங்கள். விண்டோஸ் காட்டும் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது. இன்று இரவே உங்கள் மகனிடமோ மகளிடமோ சொல்லிவிடுங்கள். அவர்கள் உடனிருந்தால் வங்கியில் பேசுவதும் எளிதாக இருக்கும்.